வெறும் மெசேஜ் என்று சொல்லாதீர்கள், மக்களே
மார்த்தாண்டம் வட்டார இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்



களியக்காவிளையிலிருந்தும் கருங்கலிலிருந்தும் அருமனையிலிருந்தும் படிப்புக்கும் வேலைக்கும் தினமும் மார்த்தாண்டம் வந்து போகிற உங்களுக்காக இந்த மடலை எழுதுகிறேன். ஒரு மிரட்டல் செய்தி காவல் நிலையம் வரை போய்விட்டால், அனுப்பியவரும் அவருக்காகப் பேசப் போகிற மாமனும் ஊர்ப் பெரியவரும் முதலில் சொல்வது ஒரே வாக்கியம்: "வெறும் மெசேஜ்தானே சார், பய ஒண்ணும் செய்யல்லியே." சொல்கிறவர் அதை மனதார நம்பித்தான் சொல்கிறார். அடிப்பது குற்றம், வெட்டுவது குற்றம். அடிப்பேன், வெட்டுவேன் என்பது வாய்ப்பேச்சு. வாய்ப்பேச்சுக்குப் போலீஸ் எதற்கு? இதுதான் அந்த வாக்கியத்துக்குப் பின்னால் இருக்கிற கணக்கு. கணக்கு தப்பு. மிரட்டல் எதிராளியின் கைக்குப் போய்ச் சேர்ந்தபோதே ஒரு முழுக் குற்றம் நடந்து முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நீங்கள் கையை ஓங்கினீர்களா, வீட்டில் படுத்துத் தூங்கினீர்களா என்பது வேறு விஷயம். இந்த ஒன்றை உங்களுக்குப் புரியவைக்க முடிந்தால் இந்த மடலின் வேலை முடிந்தது.

2024 ஜூலை 1 முதல் நாட்டில் நடைமுறையில் இருப்பது பாரதிய நியாய சன்ஹிதா. அதன் 351-ஆவது பிரிவு குற்றமுறு மிரட்டலைப் பற்றியது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 503, 506, 507 என்று மூன்று இடங்களில் இருந்தவற்றை ஒன்றாகக் கட்டிய பிரிவு அது. ஒருவரின் உடலுக்கோ பெயருக்கோ சொத்துக்கோ, அவருக்கு வேண்டிய இன்னொருவரின் உடலுக்கோ பெயருக்கோ கேடு விளைவிப்பேன் என்று சொல்லி, அவரைக் கலங்கவைக்க நினைப்பது குற்றம். அவர் செய்யக் கடமைப்படாத ஒன்றைச் செய்யவைக்க நினைத்தாலும், செய்ய உரிமையுள்ள ஒன்றைச் செய்யவிடாமல் தடுக்க நினைத்தாலும் குற்றம். அந்தக் கேடு நடந்திருக்க வேண்டும் என்று சட்டம் எங்கும் கேட்கவில்லை. எந்த வழியில் சொன்னாலும் மிரட்டல் மிரட்டல்தான் என்றும் புதிய சட்டம் சேர்த்திருக்கிறது. வாய்ச்சொல், கடிதம், வாட்ஸ்அப் குரல்பதிவு எல்லாம் அதில் அடங்கும். சட்டம் இயற்றியவர்கள் இதைப் புரியவைக்க ஓர் உதாரணமும் சேர்த்தார்கள். உரிமையியல் வழக்கை நடத்தவிடாமல் தடுக்க ஒருவன் இன்னொருவனிடம் உன் வீட்டைக் கொளுத்துவேன் என்கிறான், அவன் குற்றவாளி. வீடு எரிந்ததாக உதாரணத்தில் இல்லை. தீப்பெட்டியை எடுத்ததாகக்கூட இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதிய அந்த உதாரணம், பாதைத் தகராறும் எல்லைக்கல் தகராறும் தீராத நம் விளவங்கோட்டுக்கு என்றே எழுதியதுபோல இருக்கிறது. பக்கத்து விளைக்காரர் குழித்துறை நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருக்கிறார். அதை வாபஸ் வாங்கச் சொல்லி அவர் மகனின் போனுக்கு இரவில் ஒரு வரி அனுப்புகிறீர்கள். சட்டப் புத்தகத்தில் உள்ள உதாரணத்தை அப்படியே நடித்துக் காட்டிவிட்டீர்கள்.

அந்த ஒரு வரி போய்ச் சேர்கிற இடத்தைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரவு பதினொன்றே முக்கால். "லேய், நாளைக்கு வழியில எறங்கினா காலு இருக்காது, பாத்துக்கோ." அனுப்பியவருக்கு அதோடு கோபம் வடிந்துவிடுகிறது, போனைக் கவிழ்த்துவைத்துத் தூங்கிவிடுகிறார். செய்தியைப் பெற்றவருக்கு அப்போதுதான் ஆரம்பம். வாசல் தாழ்ப்பாளை எழுந்துபோய் இரண்டாவது முறை பார்க்கிறார். காலையில் ரப்பர் பால்வெட்டப் போக வேண்டிய அப்பாவைப் போகாதே என்று சொல்ல வேண்டுமா, சொன்னால் காரணம் கேட்பாரே என்று தவிக்கிறார். ஏழு மணி பஸ்ஸை விட்டுவிட்டு எட்டு மணி பஸ்ஸில் போகிறார். மேம்பாலத்தின் அடியில் ஒரு பைக் மெதுவாக வந்தால் திரும்பிப் பார்க்கிறார். செய்தியைப் பெற்றவர் பெண்ணாக இருந்தால் வீட்டிலும் சொல்ல முடியாது. சொன்னால் முதலில் போனைப் பிடுங்குவார்கள், பிறகு படிப்பை நிறுத்துவார்கள். ஒருவரின் தூக்கமும் வழியும் நேரமும் ஒரே வரியில் பறிபோயிருக்கின்றன. இதைத்தான் "ஒண்ணும் செய்யல்லியே" என்கிறோம். சட்டம் உடம்பில் காயம் தேடாமல் மனதில் விழுந்த கலக்கத்தைக் கணக்கில் எடுப்பதன் நியாயம் இதுதான்.

தண்டனையின் அளவும் நீங்கள் நினைப்பதுபோல இல்லை. சாதாரண மிரட்டலுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். கொல்வேன், கொடுங்காயம் உண்டாக்குவேன், தீவைத்துச் சொத்தை அழிப்பேன் என்று மிரட்டினால் ஏழு ஆண்டு வரை. "காலு இருக்காது" என்பது கொடுங்காயத்தில் சேரும் என்பதை உங்களில் எத்தனை பேர் யோசித்திருப்பீர்கள்? இன்னொன்று பெரும்பாலோருக்குத் தெரியாது. ஒரு பெண்ணின் நடத்தையைப் பற்றி இழிவாகப் பரப்புவேன் என்று மிரட்டுவதையும் சட்டம் கொலை மிரட்டல் இருக்கும் அதே உட்பிரிவில், அதே ஏழு ஆண்டுத் தண்டனையோடு வைத்திருக்கிறது. காதல் முறிந்த ஆத்திரத்தில் "உன்னப் பத்தி ஊரு பூரா சொல்லுவேன்" என்று எழுதுகிற பையனுக்கு, தான் எழுதியது "வெட்டிப் போடுவேன்" என்பதற்குச் சமம் என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. அவள் வேண்டாம் என்று சொன்ன பிறகும் விடாமல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தால் 78-ஆவது பிரிவின்படி அது பின்தொடர்தல். முதல் முறை மூன்று ஆண்டு வரை, மறுபடியும் செய்தால் ஐந்து ஆண்டு வரை. அந்தரங்கப் படத்தை வெளியிடுவேன் என்று சொல்லிப் பணம் கேட்டால் அது மிரட்டிப் பறித்தல் என்ற தனிக் குற்றம். 308-ஆவது பிரிவில் அதற்கும் ஏழு ஆண்டு வரை உண்டு.

பெயரை மறைத்துக்கொண்டால் தப்பிக்கலாம் என்கிற நம்பிக்கை ஊரில் பழையது. ஒரு காலத்தில் மொட்டைக் கடுதாசி; இன்று போலி ஐடி, அடுத்தவர் பெயரில் உள்ள சிம். பெயரை மறைப்பது சட்டத்தின் பார்வையில் குற்றத்தைக் கூட்டுகிறது. மொட்டைக் கடுதாசிக்காரனுக்கு 1860-லேயே தனிப் பிரிவு எழுதிவைத்தார்கள். இன்றைய 351-இன் நான்காம் உட்பிரிவு அதன் வாரிசு: தன் பெயரையோ இருப்பிடத்தையோ மறைத்து மிரட்டினால், மிரட்டலுக்கு உரிய தண்டனைக்கு மேல் இன்னும் இரண்டு ஆண்டு வரை. முகம் தெரியாதவனின் மிரட்டல் முகம் தெரிந்தவனின் மிரட்டலைவிடக் கொடியது என்பதால் இந்த ஏற்பாடு. யார் என்று தெரியாதபோது எதிரில் வருகிற ஒவ்வொருவரையும் பார்த்துப் பயப்பட வேண்டியிருக்கிறதே. இதுபோக, ஏமாற்றியோ ஆள்மாறாட்டம் செய்தோ சிம் வாங்கினால் 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஐம்பது லட்சம் ரூபாய் வரை அபராதம்.

மறைவதாவது நடக்கிறதா என்றால், அதுவும் பெரும்பாலும் நடப்பதில்லை. 2025 ஜூனில் அகமதாபாத் சைபர் குற்றப்பிரிவு சென்னையில் வேலைபார்த்த ஒரு பொறியாளரைக் கைது செய்தது. பன்னிரண்டு மாநிலங்களுக்குப் போலி வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல்களை அனுப்பியதாகவும், ஒருவரைப் பழிவாங்க அவர் பெயரில் அனுப்பியதாகவும் போலீஸ் சொன்னது. இருப்பிடத்தை மறைக்கும் மென்பொருள், தற்காலிக எண்கள், போலி மின்னஞ்சல்கள் என்று கணினி படித்தவருக்குத் தெரிந்த எல்லா மறைவும் அதில் இருந்தன என்கிறது போலீஸ். உண்மைக் கணக்கையும் போலிக் கணக்கையும் ஒரே கருவியில் திறந்த ஒரு தவறு அவரைக் காட்டிக்கொடுத்தது என்பதும் போலீஸ் சொன்னதே. வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லும். ஆனால் ஒன்றை யோசியுங்கள். நாகர்கோவிலில் இருக்கும் மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்துக்கு உங்கள் வழக்கில் இவ்வளவு தேடவே வேண்டியிருக்காது. சிம் யார் பெயரில், எந்தப் போனில் போட்டது, எந்த டவரின் கீழ் இருந்தது என்பதெல்லாம் பதிவாக இருக்கிறது. வாட்ஸ்அப் செய்தியை நடுவில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டியிருக்கிறார்கள் என்பது உண்மை. செய்தியைப் பெற்றவரின் போனில் அது திறந்தபடிதானே கிடக்கிறது?

மிரட்டல் என்ற ஆயுதம் என்ன செய்யும் என்று நம் மாவட்டத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2020 ஏப்ரலில், ஊரடங்கு நாட்களில், ஒரு பெண் துணிந்து கொடுத்த புகாரால், பெண்களை அவர்களின் படங்களை வைத்து மிரட்டிய நாகர்கோவில் காசியின் வழக்கு வெளியே வந்தது. பிறகு சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் படங்களும் காட்சிகளும் சிக்கியதாக உயர் நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. ஆதாரங்களை அழித்ததாகக் காசியின் தந்தையும் கைதானார். 2023 ஜூனில் நாகர்கோவில் நீதிமன்றம் ஒரு பாலியல் வன்கொடுமை வழக்கில் காசிக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. தண்டனை வன்கொடுமைக்குத்தான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் இத்தனை பெண்கள் ஏன் இத்தனை காலம் பேசாமல் இருந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். யாரும் அவர்களை அறையில் பூட்டிவைக்கவில்லை. படத்தை வெளியிடுவேன் என்ற ஒரு சொல் அவர்களைப் பூட்டியது. பொள்ளாச்சியிலும் அதே கதை. 2019-இல் வெடித்த அந்தப் பாலியல் வன்கொடுமை வழக்கில் 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. இடையில் புகார் கொடுத்த பெண்ணின் பெயரைக் காவல்துறையே வெளியே சொன்னதும், அதற்காக இருபத்தைந்து லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டதும் நடந்தது. அப்படியிருந்தும் அரசுத் தரப்புச் சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழவில்லை. பெண்கள் பயந்து வாய்திறக்க மாட்டார்கள் என்று நினைத்து மெசேஜ் அனுப்புகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி நீங்கள் சொல்லக்கூடிய மறுப்புகளுக்கு வருகிறேன். அவற்றில் சிலவற்றில் உண்மை இருப்பதால் அவற்றைத் தள்ளிவிட்டுப் போக முடியாது.

ஆன்லைனில் எழுதுவதற்கு வழக்குப் போடுகிற சட்டத்தை உச்ச நீதிமன்றமே ரத்து செய்துவிட்டதே என்பது முதலாவது. பாதி சரி. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை ஸ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ரத்து செய்ய வேண்டிய பிரிவுதான் அது. மனம் புண்படும்படி, எரிச்சலூட்டும்படி எழுதினாலே மூன்று ஆண்டு வரை உள்ளே தள்ளலாம் என்றிருந்தது. 2012 அக்டோபரில் கார்த்தி சிதம்பரத்தைப் பற்றி ட்விட்டரில் எழுதியதற்காகப் புதுச்சேரித் தொழில்முனைவர் ஒருவரைக் கைது செய்தது அந்தப் பிரிவில்தான். பேச்சுரிமையில் அக்கறை உள்ள யாரும் அந்தப் பிரிவு போனதற்காக வருந்த மாட்டார்கள். ஆனால் தீர்ப்பு மிரட்டல் பிரிவைத் தொடவில்லை. ஓர் அமைச்சரையோ ஆயரையோ சாமியாரையோ நடிகரையோ கடுமையாக விமர்சித்து எழுத உங்களுக்கு உரிமை உண்டு. அதற்காக உங்கள்மேல் வழக்குப் பாய்ந்தால் நான் உங்கள் பக்கம் நிற்பேன். மிரட்டல் விமர்சனத்தின் முற்றிய வடிவம் என்று நினைப்பதுதான் பிழை. விமர்சனம் எதிராளியைப் பதில் சொல்ல அழைக்கிறது. மிரட்டல் அவர் வாயை அடைக்கிறது. எதிராளிக்கும் அதே பேச்சுரிமை உண்டு என்பதை ஒப்புக்கொண்டால், அதைப் பயத்தால் பறிப்பவரைத் தண்டிக்கிற சட்டத்தைப் பேச்சுரிமையின் பெயரால் எதிர்க்க முடியாது.

விளையாட்டுக்கு எழுதினேன், கோபத்தில் எழுதினேன், மனதில் ஒன்றும் இல்லை என்பது இரண்டாவது. இதை நீதிமன்றங்கள் கேட்காமல் இல்லை. பெங்களூரு போக்குவரத்துப் போலீஸின் ஃபேஸ்புக் பக்கத்தில் ஓர் ஆய்வாளர் தங்களை மோசமாக நடத்தினார் என்று ஒரு தம்பதி எழுதினார்கள். அதற்கு அவர்கள்மேல் மிரட்டல் வழக்குப் போட்டது போலீஸ். மாணிக் தனேஜா என்ற அந்த வழக்கை 2015 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது: கலங்கவைக்கும் நோக்கம் இல்லாத வெறும் சொல் இந்தப் பிரிவில் வராது. சென்னை உயர் நீதிமன்றம் அதற்கு வெகு முன்பே, 1989-இல் வெளியான நோபிள் மோகன்தாஸ் தீர்ப்பில், மிரட்டல் உண்மையானதாக இருக்க வேண்டும், சொன்னவர் அதைக் கருதாமலும் கேட்டவர் அதற்கு அஞ்சாமலும் இருந்தால் அது இந்தக் குற்றமாகாது என்று சொல்லியிருக்கிறது. நல்ல தீர்ப்புகள். ஆனால் அவற்றின் நிழலில் ஒதுங்குவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். சந்தையில் இரண்டு பேர் முகத்துக்கு முகம் திட்டிக்கொள்ளும்போது வந்து விழுகிற "கொன்னுருவேன்" காற்றில் போய்விடும். கூட நின்றவர்களுக்கும் அது கோபம் என்று தெரியும். எழுதி அனுப்பியது அப்படியில்லை. யோசித்து, தட்டச்சு செய்து, படித்துப் பார்த்து அனுப்பியது என்று எதிர்த்தரப்பு வக்கீல் சொல்வார். இரவு ஒன்று, விடிந்தபின் ஒன்று, மறுநாள் வீட்டு வாசலின் படத்தோடு ஒன்று என்று வரிசை இருந்தால், கோபம் என்று சொல்லி எந்த நீதிபதியை நம்பவைப்பீர்கள்? விளையாட்டு என்று நிரூபிக்கவும் நாளாகும். 2010 ஜனவரியில் பால் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேய இளைஞர், பனியால் விமான நிலையம் மூடியிருந்த எரிச்சலில், ஒரு வாரமும் கொஞ்சமும் தருகிறேன், அதற்குள் சரிசெய்யாவிட்டால் வெடிவைத்துவிடுவேன் என்று ட்விட்டரில் எழுதினார். படித்த யாருக்கும் அது வேடிக்கைப் பேச்சு. ஆனாலும் தண்டனை பெற்று, வேலையை இழந்து, மேல்முறையீடுகளில் அலைந்து, 2012 ஜூலையில்தான் குற்றமற்றவர் ஆனார். இரண்டரை ஆண்டு.

மூன்றாவது மறுப்பை நான் மதிக்கிறேன். பிடிக்காதவரை மாட்டிவைக்கக் கொலை மிரட்டல் பிரிவையும் சேர்த்துப் புகார் எழுதுவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டதே என்கிறீர்கள். ஆம். வேலித் தகராறு, குழாயடிச் சண்டை எதுவானாலும் முதல் தகவல் அறிக்கையில் பழைய 506(2) கடைசியில் வந்து ஒட்டிக்கொள்ளும்; சட்டம் மாறிய பிறகும் எண் மட்டும்தான் மாறியிருக்கிறது. இது உண்மையாக மிரட்டப்பட்டவருக்குச் செய்கிற துரோகம். பொய்ப் புகார்கள் பெருகப் பெருக, மெய்ப் புகாரையும் காவல் நிலையத்தில் சலிப்போடு வாங்குகிறார்கள். ஆனால் இந்த வாதம் உங்களுக்கு உதவாது, மக்களே. வாய்வார்த்தையாகச் சொன்னதாக எழுதும் பொய்ப் புகாரில் ஆதாரம் இருக்காது. உங்கள் வழக்கில் ஆதாரத்தை நாளும் நேரமும் எண்ணும் போட்டு நீங்களே அனுப்பிவைத்திருக்கிறீர்கள்.

தர வேண்டிய பணத்தைத்தானே கேட்டேன் என்பது நான்காவது. சீட்டும் கைமாற்றும் பைனான்ஸும் நிறைந்த மார்த்தாண்டத்தில் இது அடிக்கடி கேட்கிற வாதம், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். சட்டத்தில் கேடு என்பதற்குப் பொருள், சட்டவிரோதமாக விளைவிக்கும் தீங்கு. ஆகவே "பணத்தைத் தராவிட்டால் கேஸ் போடுவேன்", "போலீசில் புகார் கொடுப்பேன்" என்று உண்மையான கடனுக்காக எழுதுவது மிரட்டல் ஆகாது. சட்டம் உங்களுக்குத் தந்த வழியைச் சொல்கிறீர்கள். "தராவிட்டால் உன் கடையைப் பூட்டுவேன், உன் மகள் படிக்கிற இடத்துக்கு வருவேன்" என்று எழுதினால், கடன் எவ்வளவு உண்மையானாலும் நீங்கள் குற்றவாளி, அவர் புகார்தாரர். நியாயம் உங்கள் பக்கம் இருந்த இடத்திலிருந்து ஒரே வரியில் அவர் பக்கம் போய்விடுகிறது. அவர் தந்த காசோலை திரும்பி வந்ததா? வங்கி தகவல் தந்த முப்பது நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்பி, பதினைந்து நாள் காத்திருந்து, அடுத்த ஒரு மாதத்துக்குள் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்துக்குப் போகலாம். காசோலைத் தொகையைப்போல இரண்டு மடங்கு வரை அபராதம் விதிக்க அங்கே அதிகாரம் உண்டு. வட்டிக்காரர்களுக்காக ஆள்விட்டு மிரட்டுகிற வேலைக்குப் போகிற இளைஞர்கள் இன்னும் இரண்டு சட்டங்களைத் தெரிந்துகொள்ளட்டும். கந்துவட்டிக்கு எதிரான சட்டம் 2003 முதல் இருக்கிறது. கடன் நிறுவனங்களின் வலுக்கட்டாய வசூலைத் தடுக்க 2025-இல் தனிச் சட்டம் வந்திருக்கிறது. கடன் வாங்கியவரையோ அவர் குடும்பத்தையோ மிரட்டித் தொல்லை செய்வது அதன்படி குற்றம். பணம் நிறுவனத்துக்குப் போகும். மெசேஜ் உங்கள் போனிலிருந்து போயிருக்கும்.

சிறைத் தண்டனையைவிட உங்களைப் பாதிக்கப் போவது வேறொன்று. இந்த வட்டாரத்தில் வீட்டுக்கு ஒருவராவது கடல் கடந்தவர், அல்லது பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு விசாவுக்குக் காத்திருப்பவர். குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்க 1967-ஆம் ஆண்டின் கடவுச்சீட்டுச் சட்டம் அதிகாரம் தருகிறது. நீதிமன்றத்தில் மனுப் போட்டு அனுமதி வாங்கினால், உத்தரவில் காலம் சொல்லாதபோது, ஓர் ஆண்டுக்கான பாஸ்போர்ட்தான் கிடைக்கும். எந்தக் கம்பெனி அதை வைத்து விசா அடிக்கும்? போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கிற நாடுகளில் வாசலிலேயே நின்றுவிட வேண்டியதுதான். உள்ளூரிலேயே போலீஸ் வேலைக்கு ஓடிப் பயிற்சி எடுக்கிறவர்கள் இதையும் கேளுங்கள்: தமிழ்நாட்டுக் காவலர் பணி விதிகளில், சந்தேகத்தின் பலனைத் தந்து விடுதலை செய்யப்பட்டவரும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுகிறார். அதாவது வழக்கில் ஜெயித்தும் வேலையில் தோற்கலாம். வளைகுடாவில் இருந்துகொண்டு ஊரில் உள்ளவரை மிரட்டுகிறவர்களுக்கு இரண்டு பக்கமும் சட்டம் நிற்கிறது. இந்தியக் குடிமகன் உலகில் எங்கிருந்து செய்தாலும் நம் சட்டம் அவரைத் தொடும். ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டு இணையக் குற்றச் சட்டம், ஒன்றைச் செய்யவோ செய்யாமல் இருக்கவோ வற்புறுத்தி இணையம் வழியாக மிரட்டினால் இரண்டு ஆண்டு வரை சிறையும் இரண்டரை லட்சம் முதல் ஐந்து லட்சம் திர்ஹாம் வரை அபராதமும் சொல்கிறது. பெருங்குற்றம் செய்வேன் என்றோ மானத்தைக் கெடுப்பேன் என்றோ மிரட்டினால் பத்து ஆண்டு வரை போகும். ஐந்து லட்சம் திர்ஹாம் என்பது நம் பணத்தில் ஒரு கோடி ரூபாய்க்கும் மேல்.

அழித்துவிட்டேன் என்று சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லோருக்கும் அழி என்று அழுத்தினாலும், அதற்குள் அவர் அதைப் படமெடுத்திருப்பார். அல்லது அவர் போனிலிருந்து ஆய்வகம் மீட்டெடுக்கக்கூடும். வழக்கு விசாரணையில் அழித்த செயலே உங்கள் மனநிலைக்குச் சான்றாக வைக்கப்படலாம். காலம் கடந்தால் மறந்துபோகும் என்பதும் தவறு. மூன்று ஆண்டுக்கு உட்பட்ட தண்டனை உள்ள குற்றங்களைத்தான் மூன்று ஆண்டுக்குள் நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க வேண்டும் என்ற வரம்பு இருக்கிறது. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள கொலை மிரட்டலுக்கு அந்த வரம்பு கிடையாது. கல்லூரி இரண்டாம் ஆண்டில் அனுப்பிய ஒரு வரி, உங்களுக்குக் கல்யாணம் பேசுகிற வருடத்தில் சம்மனாக வரலாம். வாட்ஸ்அப் குழுக்களை நடத்துகிற அட்மின்கள் அளவுக்கு மீறிப் பயப்பட வேண்டாம். உறுப்பினர் ஒருவர் எழுதியதற்கு அட்மின் என்பதற்காக மட்டும் ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-இல் சொல்லியிருக்கிறது. ஆனால் மிரட்டலுக்கு நெருப்பு எமோஜி போட்டு, எதிராளியின் வீட்டு அடையாளத்தையும் எடுத்துக் கொடுக்கிறவர் அட்மினாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் உடந்தைதான்.

இதை வாசிக்கிறவர்களில் மிரட்டலைப் பெற்றவர்களும் இருப்பீர்கள். எதையும் அழிக்காதீர்கள், பதிலுக்கு மிரட்டாதீர்கள். எண் தெரியும்படி செய்தியைப் படமெடுத்து வையுங்கள். படத்தைவிட அந்தப் போனே பெரிய ஆதாரம், அதைப் பத்திரமாக வையுங்கள். நீதிமன்றத்தில் அதைச் சான்றாக்க புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுப்படி ஒரு சான்றிதழ் வேண்டும்; வக்கீலோ புலனாய்வு அதிகாரியோ அதற்கு வழி சொல்வார். புகார் கொடுத்ததும் மனு ஏற்புச் சான்றைக் கேட்டு வாங்காமல் காவல் நிலையத்தைவிட்டு வராதீர்கள். சமரசம் செய்ய வேண்டும் என்று யார் வந்து உட்கார்ந்தாலும், சமரசம் செய்யும் உரிமை உங்களுடையது. ஊர்த்தலைவருடையதோ உறவினருடையதோ கிடையாது.

இந்த நேரத்தில் யாரிடமாவது கோபத்தோடு இருக்கிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. உங்கள் கோபம் நியாயமானதாகவே இருக்கலாம். பாதையை அடைத்திருக்கலாம், பணத்தைத் தராமல் இழுத்தடிக்கலாம், உங்கள் தங்கையைப் பற்றித் தப்பாகப் பேசியிருக்கலாம். அதை எழுதுங்கள், ஆனால் அவருக்கு அனுப்பாமல், தாளில் எழுதி எடுத்துக்கொண்டு மறுநாள் காலையில் குழித்துறைக்குப் போங்கள். நீதிமன்ற வளாகத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கிறது. வழக்குப் போடுவதற்கு முன்பே எதிராளியை அழைத்துப் பேசவைத்து, மக்கள் நீதிமன்றத்தில் முடித்துத் தருகிறார்கள். அதற்கு நீதிமன்றக் கட்டணம் இல்லை. அங்கே ஆகும் தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், அதன்மேல் அப்பீல் கிடையாது. ஏற்கெனவே மெசேஜை அனுப்பிவிட்டவராக இருந்தால், மன்னிப்புக் கேட்கிறேன் என்று நள்ளிரவில் மறுபடியும் அவரைக் கூப்பிட்டுத் தொல்லை செய்யாதீர்கள்; முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் இலவசச் சட்ட உதவிக்கு அழைக்க வேண்டிய எண் 15100.